தேவாலய வாசலில் என் சப்பாத்து

தொண்ணூறுகளின் நடுவில், மொன்றியலின் மேற்குப் பக்கத்தில் இருந்த ஓர் ஆங்கிலப் பெண்கள் விடுதிப் பள்ளியில் புலமைப்பரிசிலோடு எனக்கு இடம் கிடைத்தது. அங்கே தமிழ்ப் பிள்ளைகள் இரண்டே பேர். மற்றவள் சென்னை டாக்டர் ஒருவரின் மகள். முதல் நாளே என்னை ஓரமாக அழைத்து, "எல்லார் முன்னாடியும் எங்கிட்ட தமிழ்ல பேசாதே, ப்ளீஸ்" என்றாள். சரிதான் போடி என்று விட்டுவிட்டேன்.

அடுத்த நாள் காலைப் பிரார்த்தனைக்கு வரிசையாகப் போனோம். தேவாலய வாசலில் நான் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனேன். எங்கள் ஊரில் மாதா கோயிலுக்கும் அப்படித்தான் போவோம். பின்னால் சிரிப்பு எழுந்தது. விடுதிப் பொறுப்பாளர் செத்த எலியைத் தூக்குவதுபோல என் சப்பாத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். சப்பாத்தில்லாமல் வருவது ஆண்டவருக்கு அவமரியாதையாம். எனக்குச் சுர்ரென்று ஏறியது. பனிக்காலத்தில் இந்த ஊரில் யார் வீட்டுக்குள்ளாவது சப்பாத்தோடு போக முடியுமா? வீட்டுக்காரருக்குக் கொடுக்கிற மரியாதையைக் கடவுளுக்குக் கொடுத்தால் குற்றமா?

மறுநாளும் கழற்றினேன். அதற்கு மறுநாளும். கடைசியில் அம்மாவை வரச்சொன்னார்கள். சப்பாத்துப் போட நான் சம்மதிக்காவிட்டால் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்றார் தலைமையாசிரியை.

நாங்கள் குடியிருந்த வில்லரேயில் இருந்து மெற்றோவும் பஸ்ஸும் மாறி வந்த அம்மா, அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தார். தையல் தொழிற்சாலை மேலாளருக்கும் வீட்டுச் சொந்தக்காரருக்கும் ஆட்டுகிற அதே தலையாட்டு. எனக்கோ, பள்ளி போனால் போகட்டும், இந்த மனுசிக்கு முன்னால் அம்மா பணிந்துவிடக் கூடாது என்று மட்டுமே இருந்தது.

"அந்தக் கோயிலை ஒருக்காப் பாக்கவேணுமெண்டு சொல்லு பிள்ளை" என்றார் அம்மா.

மூவரும் போனோம். வாசலில் அம்மா குனிந்து பனிச் சப்பாத்தின் கயிற்றை அவிழ்த்தார். அவசரமே படவில்லை. தலைமையாசிரியை காத்துக்கொண்டு நின்றார். அம்மா சப்பாத்துக்குள் போட்டிருந்த கம்பளி மேசுக் காலோடு அந்தக் கல்தரையில் நடந்துபோய், இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பிக் கும்பிட்டார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"என்ர பிள்ளை சாமிக்கு முன்னால சப்பாத்துப் போடாள். குளிருமெண்டு கவலையெண்டால் தடிச்ச மேசு வாங்கிக் குடுக்கிறன். அப்பிடியே சொல்லு."

அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். ஒரு சொல்லையும் பூசி மெழுகவில்லை.

தலைமையாசிரியை அம்மாவின் காலைப் பார்த்தார். பிறகு தன் காலைப் பார்த்தார்.

"மேசு கறுப்பாக இருக்க வேண்டும்" என்றார்.

அடுத்த திங்கட்கிழமை தடித்த கறுப்பு மேசோடு போய் உட்கார்ந்தேன். யாரோ என்னை இடித்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். பார்த்தால் சென்னைக்காரி. அவள் காலிலும் சப்பாத்து இல்லை.

"ஐயோ, தரை ஜில்லுனு இருக்குடி!" என்றாள், முன் வரிசை வரைக்கும் கேட்கிற தமிழில்.

"கதையாதை. சாமியைக் கும்பிடு" என்றேன்.