வலிக்கு

பேரன் செல்போனில் ஒரு வீடியோ காட்டினான். விமானம் தரையிறங்குகிறது, உள்ளே ஓர் இயந்திரக் குரல் ஐம்பது, நாற்பது, முப்பது என்று ஆங்கிலத்தில் உயரம் சொல்கிறது. பைலட் மகாராஜா அதைக் கேட்டு விமானத்தின் மூக்கைத் தூக்கினால் போதும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்களுக்கு யார் ஐயா சொன்னார்கள்?

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றான புதிது. திருநெல்வேலியிலிருந்து அதன் தலைநகருக்கு வேலைக்குப் போய் ஸ்ரீவராகத்தில் அறை எடுத்திருந்த நான், கெட்ட நேரம், விமானம் ஓட்டப் படிக்கச் சேர்ந்தேன். கூரையில்லாத இரண்டு இருக்கை. முன்னால் சொல்லிக்கொடுக்கும் குறுப்பு சார், பின்னால் நான். பேசிக்கொள்ள ஒரு ரப்பர் குழாய். விமானத் திடல் இருந்த சங்குமுகத்துக் கடற்காற்றில் பாதிச் சொல்தான் வந்து சேரும்.

இறங்கும்போது, தரைக்கு இரண்டாள் உயரத்தில் மூக்கைத் தூக்கும் கம்பான ஸ்டிக்கை மெல்ல வயிற்றுப் பக்கம் இழுக்க வேண்டும். முந்தினால் தொப்பென்று விழும், பிந்தினால் பந்துபோல எகிறும். அந்த உயரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? புல் தனித்தனியாகத் தெரிந்தால் இழு என்பார் ஒரு நாள். புல்லைப் பார்க்காதே, கடைசியில் நிற்கும் தென்னையைப் பார் என்பார் மறுநாள். "தரை ரெண்டு பக்கமும் அகலும், அப்போ தன்னால மனசிலாவும்" என்பார் மூன்றாம் நாள். எனக்கு ஓர் எழவும் மனசிலாகவில்லை. அந்த வாரமும் சரியாக இறங்காவிட்டால் என் பெயரை அடித்துவிடுவார்கள்.

குறுப்பு சாருக்கு இடுப்பு வலி. என்மேல் உள்ள பிரியத்தில் தமிழ் பேசுவார். வலிக்கிறது என்பதை நாங்கள் வலிக்கு என்போம். என்னிடம் அதைக் கற்றுக்கொண்டு, "எடோ, இடுப்பு நல்லா வலிக்கு" என்று தினமும் புலம்புவார்.

கடைசி நாள். புல், தென்னை, அகலம் எல்லாவற்றையும் பார்த்தபடி இறங்குகிறேன். குழாயில் அலறல்: "வலிக்கு, வலிக்கு!"

பாவம், இடுப்பு பிடித்துக்கொண்டது என்று நினைத்தேன். "ரொம்ப வலிக்கா சார்?" என்று கேட்டேன். டமாரென்று மோதி மூன்று தரம் எகிறினோம்.

"மண்டா, வலிக்குன்னா மலையாளத்துல இழுன்னு அர்த்தம்."

"தரையில தமிழ் பேசுறீங்க, ஆகாசத்துல மட்டும் ஏன் சார் மலையாளம்?"

"பயந்துபோனா அம்மா பாஷையல்லே வரும்?"

சக்கரங்களைச் சுற்றிப் பார்த்தார். "அதுவரைக்கும் நல்லாத்தான் வந்தே. இனி தனியா போய்ட்டு வா. என் இடுப்பு இன்னொண்ணு தாங்காது."

முன் இருக்கை காலி. தென்னையைப் பார்த்துக்கொண்டே இறங்கினேன். தரை இரு பக்கமும் அகன்றது. நானே வாய்விட்டு "வலிக்கு" என்று சொல்லி இழுத்தேன். சக்கரம் புல்லைத் தொட்டதே தெரியவில்லை.

அந்தப் புல் போய்விட்டது, தென்னை போய்விட்டது, குறுப்பு சாரும் போய்விட்டார். இடுப்பு வலி மட்டும் எனக்கு வந்திருக்கிறது. காலையில் எழும்போது "வலிக்கு" என்று முனகினால், இந்த வலது கை, சனியன், இன்றும் வயிற்றுப் பக்கம் இழுக்கிறது. முன்னால் உட்கார்ந்து திட்டத்தான் ஆளில்லை.