மிலாறுக் கட்டும் ஒரு விமானப் பயணமும்

போன மாதம் வளைகுடாவில் இருக்கும் மகளைப் பார்க்கப் போனபோது, விமானத்தில் எனக்குப் பக்கத்து ஆசனத்தில் ஒரு கிட்டார் உட்கார்ந்து வந்தது. நிஜமாகத்தான் சொல்கிறேன். அதற்கென்று தனி டிக்கட் எடுத்து, இடுப்பில் பட்டியும் போட்டுவிட்டு, அதன் சொந்தக்காரர் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். பணிப்பெண் வந்து பட்டியை இழுத்துப் பார்த்துவிட்டு கிட்டாரைப் பார்த்துச் சிரித்தார். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அதற்கும் ஒரு தட்டு வைத்துவிடுவாரோ என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வைத்திருந்தால் நான் சாப்பிட்டிருப்பேன், அது வேறு கதை.

எங்கள் கீபோர்டும் ஒரு காலத்தில் உட்கார்ந்துதான் போனது. பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளி போகும் பஸ்ஸில், நாலு பேர் மடியில் குறுக்காக. நாலு பேரும் முன்பின் தெரியாதவர்கள். ஒருவர் இறங்க வேண்டுமென்றால் நாலு பேரும் எழும்ப வேண்டும். யாரும் முகம் சுளித்ததில்லை. உறைக்கு மேலாகவே கட்டைகளை அமுக்கிப் பார்த்துவிட்டு, "சத்தமே வரலையே, ரிப்பேரா தம்பி?" என்று எனக்காகக் கவலைப்பட்ட அம்மாக்கள்தான் அதிகம்.

எங்கள் இசைக்குழு அப்போது அந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கொஞ்சம் பேர்போனது. தலைவர் அந்தோனி மாஸ்டர். பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்துவிட்டு மேடையில் காதல் பாட்டுப் பாடுவார். கீபோர்ட் நான். தப்பு என்கிற பறை அடிப்பவர் முத்துவேல் அண்ணன். பகலில் ஸ்பிரிங்வெளி மலையில் கவ்வாத்து வெட்டுவார், அதாவது முதிர்ந்த தேயிலைச் செடிகளைக் கத்தியால் கழிக்கிற வேலை. நோட்டீஸில் மாஸ்டருக்கு 'ஊவாவின் பொற்குரல்' என்று பட்டம். எனக்கு 'கீபோர்ட் இளவரசன்'. அதற்குக் கீழே 'மற்றும் பலர்' என்று இருக்கும். அந்தப் பலர், முத்துவேல் அண்ணன் ஒருவர்தான். மேடையிலும் அவரை ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் நிற்க வைத்திருந்தோம். தப்பென்றால் சாவு வீட்டு வாத்தியம், பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்கிற பெரிய மனிதத்தனம் எங்களுக்கு.

இருபது வருஷம் இருக்கும். வளைகுடாவில் வேலை செய்த நம்ம தோட்டத்து ஆட்கள் தீபாவளி விழாவுக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். கடிதத்தில் பொற்குரலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 'தப்பு கட்டாயம் வர வேண்டும், இல்லாவிட்டால் யாரும் வர வேண்டாம்' என்று எழுதியிருந்தது. மாஸ்டர் அதை மூன்று தடவை படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். எங்கள் மூன்று பேருக்கும் அதுதான் முதல் விமானம். சாமான் அறையில் பனிக்கட்டிக் குளிர், தோல் வெடித்துவிடும் என்று யாரோ சொன்னதால், தப்பைக் கையிலேயே கொண்டு போவதென்று முடிவாயிற்று.

முத்துவேல் அண்ணனுக்கு வேறொரு கவலை. தப்பை அடிக்கும் முன் நெருப்பில் காய்ச்ச வேண்டும், இல்லாவிட்டால் ஈரச் சாக்கைத் தட்டிய மாதிரி இருக்கும். "அங்க வெறும் மணல்தானே தம்பி, வெறகுக்கு எங்க போறது?" என்று விமான நிலையத்துக்குப் போகும் வழியில், பெரகலையில் பிளேன்டீ குடிக்கும்போது கேட்டார். நான் சிரித்தேன். அவர் அதற்கு முன்பே வழி செய்துவிட்டார் என்பது எனக்குத் தெரியாது.

விமான நிலையத்தில் கைப்பையை அளக்க ஒரு கம்பிக்கூடு வைத்திருந்தார்கள். என் கீபோர்டை அதற்குள் விட வேண்டுமென்றால் இரண்டாக முறிக்க வேண்டும். ஆனால் அது கறுப்புப் பளபளப்பு உறையில் இருந்தது. "ஆர்ட்டிஸ்டா?" என்று அங்கே நின்ற அம்மணி சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார். முத்துவேல் அண்ணனின் தப்பு கோதுமை மாவுச் சாக்கில் தைத்த பையில் இருந்தது. அதை மூன்று தடவை அளந்தார்கள். மூன்று தடவையும் கூட்டுக்குள் போய், பக்கத்தில் ஒரு றாத்தல் பாண் வைக்கவும் இடம் மிச்சமிருந்தது.

அடுத்தது சோதனை இயந்திரம். அதிகாரி மாவுப் பையைத் திறந்து ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார். தோல் வாத்தியம் ஒன்று. சாரத்தில் சுற்றிய மிலாறுக் கட்டு ஒன்று, கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சி, நன்றாகக் காய்ந்தது. நெருப்புப் பெட்டி ஒன்று. விமானத்துக்குள் அடுப்பு மூட்டப் போகிறவனின் சாமான்கள் மாதிரியே இருந்தன. இது யாருடையது, உங்களோடு வந்தவரா என்று சிங்களத்தில் எங்களைக் கேட்டார். மாஸ்டர் தண்ணீர்ப் போத்தல் பற்றிய அறிவித்தலை வேதம் மாதிரி வாசிக்கத் தொடங்கினார். நான், "தெரியாது சேர்" என்றேன்.

பின்னால் முத்துவேல் அண்ணன் ஒரு காலில் மட்டும் செருப்போடு நின்றிருந்தார். கேட்டிருப்பார், கேட்காமல் இருக்க முடியாது. "என்னோடதுங்க சேர்" என்று முன்னால் வந்தார். அந்தக் குரலை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அதிகாரி பொல்லாதவர் இல்லை. வாத்தியம் என்றால் அடித்துக் காட்டு என்றார். அண்ணன் தப்பைச் சட்டைக்குள் விட்டு வயிற்றுச் சூட்டில் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு அடித்தார். காதல் பாட்டுத் தாளமில்லை, பெரட்டுத் தப்பு. விடிகாலையில் ஆட்களை வேலைக்கு வரிசையில் நிற்கக் கூப்பிடும் அடி. சுவரோரமாக, வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் கையில் கோப்புகளோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் மூன்று பேர் சட்டென்று எழும்பி வரிசையாக நின்றுவிட்டார்கள். ஒரு அக்காவின் கை, கொழுந்துக் கூடைக் கயிற்றைத் தலையில் தேடியது. "என்னாங்க, இங்கயும் பெரட்டா?" என்று கேட்டுவிட்டு முதலில் சிரித்தவரும் அவர்தான். அதிகாரியும் சிரித்துவிட்டார். தப்பு போனது. மிலாறும் நெருப்புப் பெட்டியும் குப்பைக் கூடைக்குப் போயின.

வளைகுடாவில், விழா மண்டபத்தில் நெருப்பு மூட்ட அனுமதி இல்லை. தலைமுடி காய வைக்கும் இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு கீபோர்ட் இளவரசன் அரை மணி நேரம் தப்புக்குச் சூடு பிடித்தான். சனம் ஆடிய ஆட்டத்தில் கீபோர்டின் வயர் கழன்றிருந்தது கடைசி வரைக்கும் ஒருவருக்கும் தெரியவில்லை, எனக்குமே தெரியவில்லை.

திரும்பும்போது முத்துவேல் அண்ணன் மாவுப் பையை என்னிடம் நீட்டினார். "நீங்க கொண்டு போங்க தம்பி. ஒங்கள ஒன்னும் கேக்க மாட்டாங்க." குத்தலாகச் சொல்லவில்லை, மழை வரும் என்று சொல்வதுபோலச் சொன்னார். அவர் கீபோர்டைத் தூக்கிக்கொண்டார். அவர் சொன்னபடியே என்னை யாரும் கேட்கவில்லை. அவரை நிறுத்தி, அந்தக் கறுப்பு உறையைத் திறந்து, திருகாணி வரைக்கும் பார்த்தார்கள். இது யாருடையது என்று கையால் காட்டிக் கேட்டார்கள். அண்ணன் எங்கள் பக்கம் கையை நீட்டி, "எங்களோடதுங்க" என்றார்.

இப்போது இசைக்குழு இல்லை. மாஸ்டர் போய்ச் சேர்ந்துவிட்டார். முத்துவேல் அண்ணனும் மொனராகலையில் மகன் வீட்டில் இருந்தபோது காலமானார். செய்தி எனக்கு எட்டு நாள் கழித்துத்தான் வந்தது. ஸ்பிரிங்வெளிப் பக்கம் பெரட்டுக்கு இப்போது தொழிற்சாலைச் சங்குதான் ஊதுகிறதாம்.

கிட்டாரோடு போன அந்தப் பயணத்தில் என் பையையும் இயந்திரம் ஓரமாகத் தள்ளியது. முன்னால் போய், பதிலை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். கையுறை போட்ட ஒருவர், மகளுக்கென்று கொண்டு போன அச்சாறுப் போத்தலை எடுத்துக் கூடையில் போட்டுவிட்டு அடுத்த பையை இழுத்தார். யாருடையது என்று அவர் கேட்கவே இல்லை.