குட்டியாகிக்கொண்டே போன குதிரை

1958-ஆம் வருடம், ஜூலை மாதம், ஒரு வியாழக்கிழமை. பெங்களூரில் விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்த மழைக்காலம். கண் ஆஸ்பத்திரி வராந்தாவின் பெஞ்சு ஓரத்தில், மடியில் ஒரு துணிப்பையுடன் உட்கார்ந்திருந்தேன். பையில் ஏழு படக்கதைகள் இருந்தன. நாற்பத்தாறு வயது ஆசிரியை பொம்மைப் புத்தகங்களைச் சுமந்துகொண்டு ஆஸ்பத்திரிக்கு ஏன் வர வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கண்டோன்மெண்டில் அச்சகம் வைத்திருந்த ஒருவர் குழந்தைகளுக்குப் படக்கதைப் புத்தகம் போட ஆசைப்பட்டார். பக்கத்துக்கு ஒரு படம். படத்துக்கு உலோகத்தில் செய்யும் அச்சு, அதாவது பிளாக், ஒன்றேதான். கீழே வரும் வரிகளை மட்டும் தமிழில் ஒரு முறை, கன்னடத்தில் ஒரு முறை அச்சுக் கோத்துக்கொள்ளலாம் என்பது அவர் யோசனை. ஓவியர்கள் கீழே வரிகள் இல்லாமல் வெறும் படங்களாகக் கொண்டுவந்த மாதிரிகளைப் படித்து, எந்த வயதுப் பிள்ளைக்கு எது பொருந்தும் என்று எழுதித் தரும் வேலை எனக்கு வந்தது. எனக்கு இரண்டு மொழியும் தெரியும், ஒழுங்காக எழுதிக் கொடுப்பேன், வேறு காரணம் இல்லை.

"டீச்சரம்மா, வயசை மட்டும் சொல்லுங்க. விக்குமா விக்காதான்னு நான் பாத்துக்கறேன்" என்றார் அச்சகக்காரர்.

கேட்க எளிதாக இருந்தது. பள்ளிக்கூடம் முடிந்து, வீட்டு வேலையும் முடிந்த பிறகு உட்கார்ந்து படிக்க வேண்டும். ராஜகுமாரன், குகை, அரக்கன். அடுத்ததில் அரக்கன், குகை, ராஜகுமாரன். வாளில் எவ்வளவு ரத்தம் இருந்தால் எட்டு வயதுக்குத் தாங்கும், எவ்வளவு இருந்தால் பன்னிரண்டு வயது என்று யோசித்து யோசித்து, கடைசியில் எந்தப் படத்தைப் பார்த்தாலும் எனக்குச் சிரிப்பும் வரவில்லை, பயமும் வரவில்லை. தலைவலிதான் வந்தது. தலைவலிக்குக் கண்தான் காரணமாக இருக்கும் என்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். காத்திருக்கும் நேரம் வீணாகக் கூடாது என்று பையையும் எடுத்துக்கொண்டேன்.

அந்த ஏழில் ஒன்றை வரைந்தவரை மட்டும் நான் நேரில் பார்த்திருந்தேன். கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுபவர். அந்த வாரத் தொடக்கத்தில் மனைவியோடு அச்சகத்து வாசலில் நின்றிருந்தார். பலகை வேலை சரிவரக் கிடைக்கவில்லை. கோலார் தங்கச் சுரங்கத்தில் இருந்த மைத்துனன் ஆள் சேர்க்கிறார்கள் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"சனிக்கிழமை பதில் சொல்லிடுவீங்களா டீச்சர்? இல்லேன்னா இவரு ஞாயித்துக்கிழமை கோலார் வண்டி ஏறிடுவாரு" என்றாள் மனைவி.

"சுரங்கத்துல என்ன? சம்பளம் தவறாம வரும்" என்றார் அவர்.

"எங்கப்பாவுக்கும் தவறாமதான் வந்துச்சு. இருமலும் தவறாமதான் வந்துச்சு."

அவர் புத்தகத்தை நான் அதிக அக்கறையோடுதான் படித்தேன். ஒரு சிறுமி குதிரைக்குட்டி ஒன்றை வளர்க்கிறாள். அது பெரிதாகிறது. மழை பொய்த்து ஊர் காய்கிறது. அப்பா குதிரையைச் சந்தைக்கு ஓட்டிப் போகிறார். சிறுமி அழுதுகொண்டே கூடப் போகிறாள். தாடிக்காரர் ஒருவர் வாங்கிக்கொள்கிறார். கடைசிப் படத்தில் காலியான கயிற்றைப் பிடித்துக்கொண்டு சிறுமி தனியாக நிற்கிறாள். நான் இப்படி எழுதினேன்: "சிறு குழந்தைகளுக்குத் துயரம் தாங்காது. பெரிய பிள்ளைகளுக்குக் கதை போதாது. எந்த வயதுக்கும் பொருந்தவில்லை." எழுதி மடித்துப் பையிலேயே வைத்திருந்தேன். எழுதியது எனக்கே பிடிக்கவில்லை. ஆனால் எழுத வேறு எதுவும் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கண்ணில் மருந்து விட்டார். "சாயங்காலம் வரைக்கும் ஒரு எழுத்துப் படிக்கக் கூடாது, கொத்தாய்த்தா, புரிஞ்சுதா?" என்று தமிழும் கன்னடமுமாக அதட்டிவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் எதிரே இருந்த தூண் கூட மங்கிவிட்டது. படிக்க முடியாது என்பதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்ததை மறைக்க மாட்டேன்.

பக்கத்தில் ஒருவர் தன் மகளுடன் இருந்தார். சிறுமியின் ஒரு கண்ணில் கட்டு. ஐந்தாறு வயதிருக்கும், சிணுங்கிக்கொண்டே இருந்தாள். அவர் ஜட்கா ஓட்டுபவர். வாசலில் விட்டு வந்த குதிரை என்ன செய்கிறதோ என்று அடிக்கடி எழுந்து எட்டிப் பார்த்தார்.

"அம்மா, பையில கிதாபா வச்சிக்கினு கீறீங்க? பொம்மை போட்டதா? ஒண்ணு குடுங்க, கொழந்தை பார்க்கட்டும். கை கழுவிட்டேன், அழுக்கு ஆவாது."

கைக்கு வந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். எது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் பாதி உருதுவும் பாதித் தமிழுமாகச் சொல்லத் தொடங்கினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இந்தா பாரு பேட்டி, எம் மவளே. ஒரு பொண்ணு, உன்னாட்டம். கையில கயிறு கீது. குதிரையைக் காணோம்."

"எங்க போச்சு?"

"அதைத்தான் தேடிக்கினு போறா. சந்தைக்கு வந்துட்டா. அதோ, தாடிக்காரன் புடிச்சிக்கினு கீறான் பாரு."

"குடுப்பானா?"

"குடுக்காம? அவங்கப்பன் கேட்டு வாங்கிட்டான். இப்போ மூணு பேரும் வீட்டுக்கு வராங்க."

"அப்போ அவ ஏன் அழுவுறா?"

"கிடைச்சிருச்சில்ல, அதான். நீ காணாம போயி கிடைச்சப்போ உங்கம்மா அழுவலே?"

எனக்குக் குழப்பமாக இருந்தது. ஏழு புத்தகங்களையும் இரண்டு முறை படித்தவள் நான். படம் படமாகச் சொல்லச் சொன்னால் சொல்வேன். காணாமல் போன குதிரை திரும்பி வரும் கதை அவற்றில் இல்லை.

அவர் சொல்லிக்கொண்டே போனார். காய்ந்த ஊரில் மழை பெய்தது. புல் முளைத்தது. குதிரை புல் மேய்ந்தது. திடீரென்று சிறுமி கத்தினாள்.

"அப்பா! குதிரை சின்னதா ஆவுது!"

"ஆமா."

"ஏன்? தீனி போடலையா?"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"வீட்டுக்கு வந்துருச்சில்ல" என்றார். "வீட்டுக்கு வந்தா எல்லாரும் சின்னதா ஆயிடுவாங்க."

"நீயுமா?"

"நானுந்தான். உங்கம்மா ஏசுற ஏச்சுல நான் எம்மாத்தம் ஆயிடுறேன், நீ பாத்ததில்லே?"

இந்த முறை நானும் சிரித்தேன். அந்தச் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. சிரித்துப் பல வாரங்கள் ஆகியிருந்தன. முடிவில் குதிரை குட்டியாகி, அந்தப் பெண்ணின் மடியில் தூங்கியது. ஜட்காக்காரரின் மகள் சிணுங்கலை மறந்து, "இன்னொரு வாட்டி" என்றாள். அதற்குள் அவர்களைக் கூப்பிட்டுவிட்டார்கள். புத்தகத்தை என் பையில் வைத்து, "சலாம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் முகத்தை நான் சரியாகப் பார்க்கவே இல்லை.

மாலையில் பார்வை தெளிந்ததும் பையைக் கொட்டித் தேடினேன். குதிரை வருவது ஒரே புத்தகத்தில்தான். அப்போதுதான் விளங்கியது. அவர் உருது படித்தவர். வலமிருந்து இடமாக எழுதும் உருதுப் புத்தகத்தை எந்தப் பக்கம் திறப்பார்களோ அந்தப் பக்கம் திறந்திருக்கிறார். எனக்குக் கடைசிப் படம், அவருக்கு முதல் படம். படத்தின் கீழே எழுத்து இல்லாததால் தடுக்க எதுவும் இல்லை. நானும் பின்னாலிருந்து ஒவ்வொரு படமாகப் புரட்டினேன். மடித்து வைத்திருந்த என் தாளைக் கிழித்துப் போட்டேன்.

சனிக்கிழமை அச்சகத்தில் எல்லாரும் இருந்தார்கள். நடந்ததைச் சொன்னேன். அச்சகக்காரர் பின்பக்கத்திலிருந்து புரட்டிப் பார்த்து, "குதிரை எப்படிம்மா குட்டியாகும்? ஜனங்க என்னைக் கேப்பாங்களே" என்றார். ஓவியர் அதை வாங்கி, தாமும் அப்படியே புரட்டினார். தம் கையால் வரைந்ததை வேறு யாரோ வரைந்ததைப் போலப் பார்த்தார்.

"உங்கள் கதையை மாற்றிவிட்டதாக வருத்தமா?" என்று கேட்டேன்.

பதில் சொன்னது மனைவி. "அது இவங்க வீட்டுக் குதிரைதான் டீச்சர், வித்துட்டாங்க. திரும்பி வரணும்னுதான் வரைய உக்காந்தாரு. நடுவுல நடந்ததையே வரைஞ்சிட்டாரு."

அவர் சிரித்தார். பிறகு சந்தை வழிப் படத்தைக் காட்டி, "இந்த அழுகையை மட்டும் அழிச்சிடவா?" என்று கேட்டார்.

"இருக்கட்டும்" என்று நானும் அவர் மனைவியும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

வயது என்று இருந்த இடத்தில், "யார் மடியில் குழந்தை இருக்கிறதோ அவர்களுக்கு" என்று எழுதிக் கொடுத்தேன். அச்சகக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு பிளாக் செய்யக் கொடுத்தார். புத்தகம் பிரமாதமாக விற்கவில்லை. குதிரை ஏன் சிறுக்கிறது என்று கேட்டு இரண்டொரு தகப்பன்மார் கடிதமும் போட்டார்கள். ஆனால் அடுத்த புத்தகத்துக்கும் அந்த ஓவியரையே வரையச் சொன்னார் அச்சகக்காரர். அந்த ஞாயிற்றுக்கிழமை ஓவியர் கோலார் வண்டி ஏறவில்லை. பலகை எழுதுவதும் படம் வரைவதுமாக எப்படியோ இந்த ஊரிலேயே இருந்துவிட்டார்.

எனக்குப் புத்தகக் கட்டுகள் வந்துகொண்டேதான் இருந்தன, குகையும் அரக்கனும் குறையவில்லை, அலுப்பும் குறையவில்லை. ஆனால் களைத்துப்போன நாளில் எந்தப் புத்தகத்துக்கும் "பொருந்தவில்லை" என்று நான் எழுதுவதில்லை. அதை மறுநாளைக்கு வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறேன், வாசலில் செருப்பைக் கழற்றும்போது அந்த ஜட்காக்காரர் மகளுக்குச் சொன்ன பதில் நினைவுக்கு வருகிறது, நானும் கொஞ்சம் சின்னவளாகித்தான் உள்ளே நுழைகிறேன்.