வாசலைத் தேடிய குதிரை

தூத்துக்குடியில் பஸ் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தவர், வெளிநாட்டில் குதிரை பராமரிக்கிறவர். பெட்டியை மடியில் வைத்து, கைபேசியில் கண்ணை நட்டு, குதிகாலால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தார். இசைக்கேற்பக் குதிரைகள் நடைபோடும் சர்வதேசப் போட்டி அதில் நேரலையாக ஓடியது.

"நான் பாக்குற குதிர, டீம் போட்டியோட வெளிய வந்துரும்னு நெனச்சு ஊருக்கு டிக்கெட் போட்டுட்டேன் அண்ணாச்சி. இப்பம் தனிப் போட்டிக்கும் தேறிட்டு."

"நல்லதுதான?"

"நான் மைதான வாசல்ல நிக்கணும். முடிச்சதும் என்னயத்தான் பாக்கும்."

குதிரை பிசகில்லாமல் முடித்தது. கூட்டம் கைதட்ட, அது வாசல் பக்கமே திரும்பித் திரும்பிப் பார்த்தது. அவர் குதிகால் நின்றுவிட்டது. மதிப்பெண் வருவதற்குள் கைபேசியை அணைத்தார்.

கீழவைப்பார் விலக்கில் பஸ் நின்றதும் எழுந்தார். "இன்னும் ஒரு மாசம் லீவு கெடக்கு," என்று சலித்துக்கொண்டார்.

ஊருக்கு வருகிற ஆள் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.