மல்லாட்டை வேர் ஒட்டிய கல்

திண்டிவனத்துக்கு மேற்கே ஒரு செம்மண் மேட்டில் ஆறு வாரம் கல் பொறுக்கினேன். யாராவது விசாரித்தால் அம்மா அப்படித்தான் சொல்வாள்: "பொண்ணு பி.எச்டி பண்ணுது. கல்லு பொறுக்கிக்கினு இருக்குது." எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆனால் உண்மையும் அதுதான்.

இரும்பெல்லாம் வருவதற்கு வெகுகாலம் முன்பு, மனிதர்கள் அந்த மேட்டில் உட்கார்ந்து கல்லுடைத்துக் கருவி செய்தார்களா என்பதுதான் என் ஆய்வு. நைலான் கயிறு கட்டி மேட்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்திருந்தேன். எந்தக் கல் எந்தக் கட்டத்தில் கிடந்தது என்று குறித்துப் பையில் போட்டால்தான் அது சான்று. இடம் தெரியாவிட்டால் வெறும் கல். ஆறு வாரத்துக்குள் போதிய கருவிகள் கிடைக்காவிட்டால் எழுத ஒன்றும் இருக்காது.

பக்கத்து ஊர் அக்கா ஒருவர் கூலிக்கு உதவ வந்தார். களையெடுப்பதுதான் அவருக்கு வழக்கமான வேலை. கைக்கோடரி எப்படி இருக்கும் என்று இரண்டாம் நாளே பிடித்துக்கொண்டார்: உள்ளங்கைக்கு அடங்கும், ஒரு முனை கூர்மை, இரண்டு பக்கமும் சில்லு பெயர்த்த வடு. என்னைவிட வேகமாகக் கண்டுபிடித்தார். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

மூன்று வாரத்தில் கிடைத்தது நாலே நாலு. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே திரும்ப எடுத்துப் போனேன். நாலாவது வாரம் அதிர்ஷ்டம் அடித்தது. தினமும் காலையில் இரண்டு, மூன்று கைக்கோடரிகள். நான் குதித்தேன். அக்காவுக்கு மைசூர்பாகு வாங்கிப் போனேன். அவர் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு என் முகத்தையே பார்த்துச் சிரித்தார்.

இப்படிக் கிடைக்க ஆரம்பித்த எட்டாவது நாள் ஒரு கல்லைத் திருப்பினேன். அடியில் காய்ந்த மல்லாட்டை வேர் ஒட்டியிருந்தது, ஒரு பிஞ்சு வேர்க்கடலையோடு. எங்கள் மேட்டில் முள்ளைத் தவிர எதுவும் முளைக்காது.

"அக்கா, இது எங்கேர்ந்து வந்துச்சு?"

அவர் மறைக்கவே இல்லை. "நான்தாம்மா வச்சேன். நீ பஸ்ஸு எறங்கறதுக்கு முன்னாடியே வந்து வச்சிடுவேன். களை எடுக்கற கொல்லைங்கள்ல இந்த மாரி நெறய கெடக்குது. நீ சோறு துன்னாம மூஞ்ச தொங்கப் போட்டுக்கினு இருந்தியா, மனசு கேக்கல. உனக்குக் கல்லுதான வேணும்?"

"எந்தக் கொல்லையில எடுத்தீங்க?"

"மூணு நாலு கொல்ல இருக்கும். எது எங்க எடுத்ததுன்னு யாரு கண்டது?"

கத்திவிட்டேன். எல்லாவற்றையும் பாழாக்கிவிட்டீர்கள் என்றேன். எது மேட்டுக் கல், எது கொல்லைக் கல் என்று பிரிக்க வழியில்லை. எட்டு நாள் பைகளையும் அவர் கண் முன்னாலேயே கொட்டினேன். அவர் குனிந்து, ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டு போனார்.

மறுநாள் அவர் வரவில்லை. தனியாகக் கட்டங்களைப் பார்த்தேன். கத்தியது தப்பு என்று மதியத்துக்குள்ளேயே உறைத்துவிட்டது.

அதற்கடுத்த நாள் நெற்றி நிறையக் குங்குமத்தோடு வந்தார். முந்தின நாள் பௌர்ணமி, திருவக்கரை அம்மன் கோயிலுக்குப் போயிருக்கிறார். "உன் கல்லுக்குத்தான் வேண்டிக்கினு வந்தேன். இனிமே நான் எதையும் வெக்க மாட்டேன், அம்மன் வெச்சாத்தான்." மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "வாம்மா, ஜல்தி. வெயிலு ஏறுது" என்று கயிற்றைத் தாண்டிப் போய்விட்டார்.

அம்மன் ஒன்றும் வைக்கவில்லை. மேட்டில் கருவிகள் மிகக் குறைவு என்றுதான் ஆய்வேட்டில் எழுதினேன். இழுத்துப் பிடித்துப் பட்டம் வாங்கினேன்.

மேட்டில் கடைசி நாள், வேர் ஒட்டிய அந்த ஒரு கல்லை மட்டும் அவரிடம் கேட்டு வாங்கினேன். விழுப்புரத்தில் என் மேசைமேல் இருக்கிறது. வேர் எப்போதோ உதிர்ந்துவிட்டது. அந்த மேட்டுக்கும் அக்காவின் சிரிப்புக்கும் இன்றும் மனசு ஏங்குகிறது. எத்தனையோ கருவிகளைப் பிறகு கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். எதையும் யார் அங்கே போட்டுவிட்டுப் போனார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆய்வுக்கு உதவாத இந்த ஒன்றை மட்டும் யார் வைத்தார், எதற்காக வைத்தார் என்று தெரியும்.