தண்ணீருக்குள் ஒரு பிரேக்

என் அக்கா கணவருக்குச் சும்மா உட்காரத் தெரியாது. நகரப் பேருந்து ஓட்டுகிறவர் என்பதால் வேலை நேரத்தில் மட்டும் உட்காருவார். அப்போதும் கண் உட்காராது. கண்ணாடியில் படிக்கட்டையும் கடைசி இருக்கையையும் மாறி மாறிப் பார்க்கும். வீட்டில் சாப்பிடும்போதுகூட முதுகுக்குப் பின்னால் யார் நடந்தாலும் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வாய்.

இவரைத்தான் அவர் மகள் கடலுக்கடியில் போகத் துணைக்குக் கூப்பிட்டாள். பத்து வயது, வீட்டில் அவள் பெயர் வாலு. முதுகில் காற்று சிலிண்டர் கட்டி மூழ்கும் ஸ்கூபாவைக் குழந்தைகளுக்குக் கற்றுத்தரும் அந்தப் பள்ளியில் ஒரு கறாரான விதி. அப்பாவோ அம்மாவோ கூடவே கற்று, கூடவே இறங்க வேண்டும். அக்காவுக்குக் காதில் கோளாறு. ஆகவே மாமா.

பயிற்சி நீச்சல் குளத்தில். வாலு மீன் மாதிரி போனாள். மாமா முன்னால் இரண்டு உதை உதைப்பார், மகள் வருகிறாளா என்று முழு உடம்போடும் திரும்புவார், அவள் சிலிண்டர் வாரை இழுத்துப் பார்ப்பார். அவள் சற்று வேகமாகப் போனால் இவருடைய வலது கால் தானாக நீண்டு, இல்லாத பிரேக்கை மிதிக்கும். இத்தனை அலைச்சலில் அவர் சிலிண்டரில் காற்று மளமளவென்று தீர்ந்துவிடும். ஒருவருக்குக் குறைந்தால் இருவரும் மேலே வந்தாக வேண்டும்.

“அப்பா! இப்பதான் இறங்கினோம்!”

“நீ பின்னாடி வரியான்னு பாக்க வேணாமா?”

பயிற்சி தருகிற அம்மாள் மாஸ்க்கைக் கழற்றினார். “சார், சனிக்கிழமை கடைசிப் பயிற்சி. அன்னைக்கும் உங்களுக்குப் பாதியில காத்து தீந்தா, பாப்பாவைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போக மாட்டேன்.”

வீட்டுக்கு வந்ததும், ஊர் ஊராகச் சுற்றிவிட்டு அவர்களோடு தங்கியிருந்த என்னை மாமா பிடித்துக்கொண்டார்.

“ஏ ஊர்சுத்தி, நீ போன ஊர்லல்லாம் பிள்ளைங்களை அப்படியே விட்டுடுவாங்களா?”

“விட மாட்டாங்க மாமா. பக்கத்துலயே நீந்துவாங்க.”

“வந்து இத்தனை நாளாச்சு, இன்னும் பையைப் பிரிக்கல. நீ எனக்குச் சொல்றே!”



சனிக்கிழமை, குளத்து ஓரத்தில் வாலு அவரை நிறுத்தினாள்.

“அப்பா, இன்னைக்கு வண்டி நான் ஓட்டறேன். நீங்க பயணி.”

“அடிப்பாவி!”

“டிரைவரைத் தொந்தரவு பண்ணாதீங்கன்னு உங்க பஸ்லயே எழுதியிருக்கு.”

இறங்கினார்கள். அவள் அரை உடம்பு முன்னால், அவர் பக்கத்தில். திரும்பாமலே அவளைப் பார்க்க முடிந்தது. கரையில் துண்டோடு நின்ற நான் குமிழிகளையே பார்த்தேன். முதலில் கொத்துக் கொத்தாகப் பொங்கின. வலது கால் ஒருமுறை மிதித்தது; மறுபடியும் மிதித்தது. பிறகு குமிழிகள் விட்டு விட்டு வந்தன. பயிற்சிக்காகக் குளத்தின் அடியில் போட்டிருந்த வளையங்களில் கடைசியையும் வாலு எடுத்த பிறகே மேலே வந்தார்கள். அம்மாள் அவருடைய காற்று மீட்டரைப் பார்த்துச் சரியென்று தலையசைத்தார்.

“நாளைக்குக் கடல்.”

திரும்பும்போது பேருந்தில் ஓட்டுநர் சட்டென்று வேகமெடுத்தார். மாமாவின் வலது கால் தரையை அழுத்தியது. வாலு தன் ஈரக்காலை அதன்மேல் வைத்தாள்.

“அப்பா, காத்து தீந்துடும்.”