கடித்தால் கத்தாதே என்றார் ஜலீல் பாய்

மலைமேல் புதூர்நாட்டில் என் ஜீப்பின் கூரைமேல் பலாப்பழம் ஏற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஆலங்காயம் பஜாரில் செருப்புக்கடை வைத்திருந்த நம் ஜலீல் பாய் காலையில் போய்விட்டார் என்றார்கள். பழத்தை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினேன். அன்று நான் மலையிறங்கிய வேகத்துக்குப் பின்னால் வந்த காற்றே மூச்சு வாங்கியது. நம்பாதவர்கள் என் ஜீப்பைக் கேட்டுப் பாருங்கள்.

பாயைத் தெரிந்த உங்களுக்கு அவருடைய சுல்தானையும் தெரியும். முன்னால் கடை, பின்னால் வீடு, நடுவே ஒரே நடை. அந்த நடையில் தொங்கிய கூண்டில் இருந்த கிளி. நம் காட்டுப் பச்சைக்கிளி அல்ல. வாணியம்பாடியில் வாங்கிய வெளிநாட்டு ஜாதி. மஞ்சளும் சிவப்புமாக உள்ளங்கையில் அடங்கும். வெளியூரில் நான் பருந்து அளவு என்றுதான் சொல்வேன். கடிபட்டவனுக்கு அப்படித்தான் தெரியும். கூண்டுக்குப் பக்கத்தில் பாய் கையைத் தவிர எந்தக் கை வந்தாலும் கவ்விவிடும். அவர் மனைவி, நான் பாபி என்று கூப்பிடுபவர், தண்ணீர்க் கிண்ணத்தை மாற்றப் போய் ரத்தக் கையோடு திரும்பியவர்.

பாய்க்கு நெஞ்சில் அடைப்பு என்று டாக்டர் சொன்னதும் என்னைக் கடைக்குள் கூப்பிட்டார்.

"ஏழுமல, நான் படுத்துட்டா இதுக்குத் தண்ணி வைக்க ஒரு கை இல்லப்பா. காஞ்சே செத்துப்பூடும். நீ சிறுத்தையவே ஜீப்ல ஏத்திக்கினு வந்தன்னு டீக்கடையில சொன்னியாமே?"

"அது பெரிய விஷயமா பாய்? பின்சீட்ல கம்முனு குந்திக்கினு வந்துச்சு."

"டிக்கெட் எடுத்துச்சா?"

அவர் சிரிக்காமல் கேட்பார். நமக்குத்தான் சிரிப்பு வரும்.

மறுநாளே வசம்போடு போனேன். குழந்தை நாக்கில் தடவினால் பேச்சு வருகிறது. கிளிக்குப் பேச்சு வந்தால் கூடவே மரியாதையும் வந்துவிடும் என்பது என் வைத்தியம். வசம்பை உரசி, விரலில் தொட்டு, கூண்டுக்குள் நீட்டினேன். சுல்தானுக்குப் பேச்சு வரவில்லை. எனக்கு வந்தது. புறப்படத் தயாராக இருந்த வாணியம்பாடி பஸ்ஸே காலியாகி, ஜனம் கடை வாசலில் நின்றது.

கடிபட்ட என் விரலில் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டே பாய் சொன்னார்: "கூண்டு அதோட வூடு. கூப்பிடாம உன் வூட்டுக்குள்ள ஒருத்தன் கைய வுட்டா நீ இன்னா பண்ணுவ, பாயசமா ஊத்துவ? கதவத் தொற. தள்ளி நில்லு. அதுவா வெளிய வரட்டும். அது வெளிய இருக்கும்போது கிண்ணத்தக் கழுவு."

அப்படியே செய்தோம். கதவைத் திறந்து வைத்து, ஒரு குச்சியை நீட்டி, அதன் நுனியில் மலையிலிருந்து நான் கொண்டுவந்த தினைக்கதிரைப் பிடிப்பேன். முதலில் எட்டிப் பார்த்தது. பிறகு குச்சிக்கு வந்தது. குச்சியிலிருந்து கைக்கும் வந்தது. வந்து கடித்தது. நான் கத்தினேன். அது தலையை மேலும் கீழும் ஆட்டிக் குதித்தது. மறுபடி கடித்தது.

"அதுக்கு உன் சத்தம்தான்டா சினிமா" என்றார் பாய். "ஓசியில பாக்குது. கடிச்சா கத்தாத, கைய இழுக்காத. பாக்க ஒண்ணுமில்லன்னா அதுவே வுட்டுடும்."

கத்தாமல் இருப்பதா? நானா? தாலி கட்டும்போதுகூட நாதஸ்வரக்காரருக்கு யோசனை சொன்னவன் நான். டீக்கடையில் என் அக்கா மகன், "மாமா, சிறுத்தைக்கு அசராதவரு கிளிக்கு அலறலாமா?" என்று கேட்டான். "சிறுத்தைக்கு ஆள் தெரியும்டா" என்று சொல்லிவிட்டு வந்தேன். சொல்லிவிட்டேனே தவிர, ரோஷம் வந்துவிட்டது. அன்று சுல்தான் கட்டைவிரலைப் பிடித்தபோது பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அது என் முகத்தையே பார்த்தது. பிறகு விட்டுவிட்டுத் தினையைக் கொறித்தது.

பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆலங்காயம் இன்னிக்குதான் அமைதியா இருக்குது" என்றார்.

அவர் போன அன்று நான் போய்ச் சேர்ந்தபோது நடையில் ஒரே கூச்சல். பாயை வெளியே எடுத்து வர வேண்டும். கூண்டு வழியை மறித்துக்கொண்டு தொங்குகிறது. கழற்றப் போன உறவுக்காரர்களை ஒருவர் பின் ஒருவராகச் சுல்தான் கடித்துக்கொண்டிருந்தது. அவர்கள் கத்தக் கத்த அதற்குக் கொண்டாட்டம்.

திரைக்குப் பின்னாலிருந்து பாபியின் குரல் வந்தது: "ஏழுமல அண்ணா, நீங்க எடுங்கண்ணா. அவரு உங்ககிட்டதானே வுட்டுட்டுப் போயிருக்காரு."

கதவைத் திறந்து கையை நீட்டித் தள்ளி நின்றேன். சுல்தான் வந்தது. ஆள்காட்டி விரலை எலும்பு வரைக்கும் கடித்தது. நான் அசையவில்லை. விட்டுவிட்டு மணிக்கட்டில் உட்கார்ந்தது. ஒருவர் கூண்டைக் கழற்றினார். பாயைத் தூக்கிக்கொண்டு என்னை உரசியபடி போனார்கள். நான் வாய் திறக்கவில்லை. இத்தனை வருஷம் பழகியவன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லையே, கல்நெஞ்சன் என்று சிலர் பேசினீர்களாம். என் கையில் கிளி இருந்ததய்யா.

அடக்கம் முடிந்ததும் சுல்தானைக் கூண்டில் விட்டு என் வீட்டில் மாட்டினேன். ஜீப்பை எடுத்துக்கொண்டு புதூர்நாட்டு வழியில் ஆளில்லாத ஒரு வளைவில் நிறுத்தினேன். அங்கே நான் கத்திய கத்தலில் ஜவ்வாது மலை திருப்பிக் கத்தியது. இது மட்டும் மிகையில்லை.

சுல்தான் இப்போது என் கையில் தண்ணீர் குடிக்கிறது. நான்கு பாஷை பேசுகிறது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். பேசாது. விரலில் அன்றைய தழும்பு இருக்கிறது. வாயை மூடிக்கொண்டு நிற்கவும் எனக்குத் தெரியும். பாய் எனக்கென்று விட்டுப்போனவை இவைதான்.